காளியாயி அத்தையின் பதில்கள்

எங்கள் லயத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், நீளமான ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. நடுச்சுவரைக் கட்டியவர்களுக்குக் கல் போதவில்லையோ மனசு போதவில்லையோ, ஆள் உயரத்துக்கு மேல் கட்டாமலே விட்டுவிட்டார்கள். அதற்கு மேலே கூரைவரைக்கும் திறப்புதான். பக்கத்துக் காம்பராவில் கருவாடு சுட்டால் நாங்கள் வெறும் சோற்றை ருசித்துச் சாப்பிடலாம்.

அந்தப் பக்கத்துக் காம்பராவில்தான் காளியாயி அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை. புருஷன் இல்லாமல், பெற்ற பிள்ளையும் தங்காமல், தனியாகக் கொழுந்தெடுத்துப் பிழைத்தவர். அவரிடம் ஒரு பழக்கம். எந்தக் காம்பராவில் யார் என்ன கேட்டாலும் இவர் பதில் சொல்லிவிடுவார். அம்மா தனக்குத்தானே, "கொழம்புக்கு உப்புப் போட்டேனா?" என்றால், சுவருக்கு அப்பாலிருந்து, "போட்டுட்ட புள்ள, மறுபடி போட்டுறாத" என்று வரும். அப்பாவும் அம்மாவும் சண்டை போட வேண்டுமென்றால் தண்ணீர்ப் பீலிக்குத்தான் போவார்கள். அங்கே தண்ணீர் விழும் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்காது.

என் அக்கா சண்முகவடிவுக்குப் பாதி வீடு அந்தப் பக்கம்தான். பிறந்ததும் அவளை முதலில் வாங்கியது அத்தையின் கைகள். நாங்கள் யாரும் கவனிக்காத நேரத்தில் அக்காவின் மனசு வாடினால் அத்தைக்குத் தெரிந்துவிடும். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் தொண்டை கிழிய அழுதாலும், "இந்தச் சின்னதுக்கு வேற வேலை இல்ல" என்பதோடு சரி.

ஐம்பத்தேழாம் வருஷம் அக்காவைப் பெண் பார்க்க இறம்பொடையிலிருந்து வந்தார்கள். வயது கேட்டார்கள். அப்பா துணிந்து, "பதினெட்டு" என்றார். சுவருக்கு மேலேயிருந்து, "வர்ற தையோட இருவத்தொண்ணு" என்று குரல் வந்தது. அவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். அத்தை வேண்டுமென்றே செய்தார் என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அக்கா வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் அத்தைக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்த வருஷம் பொகவந்தலாவையிலிருந்து இன்னொரு இடம் வந்தது. மாப்பிள்ளை அழகுமுத்துவுக்குக் கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை. இதுவும் கைநழுவினால் அக்காவுக்கு இனி இடமே வராது என்று அம்மா நம்பினாள். அவர்கள் வருவதற்கு முன்பே போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாயத் தொறக்காதீங்க. என் புள்ள வாழ்க்கை ஒங்க வாயிலதான் இருக்கு."

"நான் எங்க புள்ள பேசுறேன்" என்றார் அத்தை.

வந்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதற்கெல்லாம் வாய்க்குள்ளேயே பதில் சொன்னாள். எங்கள் வீட்டுப் பேய்க்கு இவ்வளவு அடக்கம் எங்கிருந்து வந்ததென்று எனக்குச் சிரிப்பாக வந்தது. மாப்பிள்ளையின் தாய் அம்மாக்கண்ணு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பக்கத்துல ஒரு வாய் வெத்தல வாங்கிட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனார். பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தான். ஆனால் அவர் நேராக அத்தையின் காம்பராவுக்கே போனார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பொண்ணு எப்படிங்கக்கா?" என்று அவர் கேட்டது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

பதில் இல்லை. அத்தை பதில் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தோம்.

பிறகு குரல் வந்தது. "பொய் சொல்ல எனக்கு வராது தங்கச்சி. கோவக்காரி. சோறு வச்சா ஒரு நாளைக்குக் கொழஞ்சிரும், ஒரு நாளைக்கு வேகாது."

அக்காவின் அடக்கமெல்லாம் பறந்துபோய்விட்டது. "போன கெழம அந்தச் சோத்துல ரெண்டு தட்டு தின்னது யாரு அத்தே?" என்று சுவருக்கு மேலே கத்தினாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு சிரிப்பது கேட்டது. திரும்பி வந்தபோதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எங்க லயத்துலயும் இந்த ஒசரத்துச் செவருதாங்க. பொண்ணு என்கிட்ட வாய் தொறந்து பேசல, அதான் இங்க கேக்கட்டும்னு அங்க போய்க் கேட்டேன். இப்ப பேசிருச்சு. நாளப் பாருங்க."

கல்யாணம் நடந்தது. அக்கா பஸ் ஏறிய அன்று அத்தை வெளியே வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தனை வருஷம் வளர்த்தவர் வாசல்வரை வந்தால் என்ன?

தலைதீபாவளிக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் உட்கார்ந்து எங்களிடம் ஒன்று சொன்னாள். பொகவந்தலாவை போன முதல் வாரத்தில், வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போன ஒரு மழை மத்தியானம், அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்ததாம். சத்தமே வராமல்தான் அழுதாளாம். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து, முன்பின் கேட்டிராத ஒரு குரல், "வடிவு, அழுவாதம்மா. நான் இங்கதான் இருக்கேன்" என்றதாம்.

அது பக்கத்துக் காம்பரா பூரணி. தன்னை எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"ஒங்க கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு அம்மா பஸ்ஸுல வாந்தியெடுத்துக்கிட்டே வந்தாங்க. மாப்பிள்ள வீட்டுக்கே போகல, நேரா என்கிட்டதான் வந்தாங்க. எங்க புள்ள ஒன்னு வருது, அழுகை வந்தா முந்தானைய வாயில வச்சுக்கிட்டுத்தான் அழும், சத்தம் வராது, கொஞ்சம் காதக் குடுத்துக் கேளும்மான்னாங்க."

அக்கா சொல்லி முடித்தபோது அத்தையின் காம்பராவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போனாள்.