பள்ளத்தாக்கின் ஒரே திரப்

ஒருவரின் பெயர் அவருடையதா, அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களுடையதா? எடித் திரப்பை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. விடை வந்ததில்லை.

எங்கள் யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் நாற்பது வீடுகள். அவற்றில் முப்பத்தொன்று ஆல்டர்சன் வீடுகள். எப்போதோ ஆல்டர் என்றொருவன் இருந்தானாம், நாங்களெல்லாம் அவன் பிள்ளைகளாம். எல்லோருக்கும் ஒரே குடும்பப்பெயர் என்பதால் அது யாருக்கும் உதவாது. தாத்தா பெயர், அப்பா பெயர், கடைசியில் தன் பெயர் என்று கோத்துத்தான் ஆளைச் சொல்வோம். கல்லறைக் கல்லிலும் அப்படியே வெட்டுவேன். நான் கல்தச்சன், டாம் சாம் ஜோ.

உலகப்போர் முடிந்த மறுவருஷம் எடித் தெற்கிலிருந்து தபால்காரியாக வந்தாள். வில் ஆல்டர்சன் என்ற பெயரில் ஐந்து பேர் இருந்தது அவளுக்குத் தெரியாது. முதல் வாரமே ஒரு காதல் கடிதத்தை எழுபது வயது வில்லின் வீட்டில் போட்டுவிட்டாள். பிரித்துப் படித்தது அவர் மனைவி.

"ஏம்மா திரப், என் கிழவனுக்கு இன்னும் எத்தன பேரு எழுதுறாளுங்க? மொத்தமா கொண்டாந்துடு, அடுப்புக்கு ஆகும்!" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

ஒரே வருஷத்தில் எங்கள் மூன்று தலைமுறையும் எடித்துக்கு மனப்பாடம். அவள் மட்டும் வெறும் திரப். அறுவடை விருந்தில் தட்டுக்குத் தட்டு பெயர்ச்சீட்டு வைப்பார்கள். எல்லாம் நீளச் சீட்டுகள், அவளுடையது துண்டு. அதை அவள் விரலால் தடவிக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன்.

ஆறுதலாக இருக்கட்டுமென்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். பழைய மொழியில் திரப் என்றால் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் சிறு குடியிருப்பு. அங்கிருந்து பிழைக்கப் போனவனுக்குப் போன இடத்தார் வைத்த பெயராக இருக்கலாம்.

"அப்போ என் முப்பாட்டனையும் யாரும் உள்ள சேத்துக்கல, ஜோ," என்றாள்.

ஏழு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஆட்டுக்காரன் பில் ஜாக் நெட், தபாலை வாங்கிக்கொண்டே கேட்டான்: "என்னக் கட்டிக்கிட்டா பேரு நீளமாயிடும் புள்ள. பரவால்லையா?"

"எவ்ளோ நீளம்?"

"பில் ஜாக் நெட் எடித்."

"இன்னொரு தடவ சொல்லு."

மூன்று முறை சொல்ல வைத்தாளாம். சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பான் நெட்.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெயரில் வாழ்ந்தாள். வழியில் யாராவது முழுதாகக் கூப்பிட்டால் முதல் தடவை காது கேளாதவள்போல் நடப்பாள். இன்னொரு தடவை கேட்கத்தான்.

நெட் போனபின் கல்லுக்குச் சொல்ல வந்தாள். அவன் பெயரை முழுதாக வெட்டச் சொன்னாள். அதன் கீழே தனக்கும் இப்போதே வெட்டிவிட்டு, தேதிக்கு மட்டும் இடம் விடச் சொன்னாள். நான் சுண்ணக்கட்டியால் 'பில் ஜாக் நெட் எடித்' என்று எழுதிக் காட்டினேன்.

"அழகா இருக்கு," என்று சொல்லி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைக்குட்டையால் அதைத் துடைத்தாள். சுண்ணக்கட்டியை என்னிடமிருந்து வாங்கி, 'எடித் திரப்' என்று தானே எழுதினாள்.

"ஏன், எடித்?"

"அது நீங்க குடுத்தது. இது நான் கொண்டு வந்தது. ஆழமா வெட்டு, ஜோ. இங்க மழை ஜாஸ்தி."