கேதீஸ்வரியின்ரை மெசினும் அம்மன் கோயில் மதிலும்

கேதீஸ்வரி அரியாலையிலை பிறந்தவள். உடுவிலுக்குக் கலியாணம் முடிச்சு வந்து எங்கடை பக்கத்து வளவிலை இருக்கிறாள். சட்டை தைச்சுக்கொண்டிருந்தவள் தண்ணி பீச்சுற மெசினுக்கு மாறினது அவளின்ரை புருசன் கோபிசங்கராலை. மோட்டார் சைக்கிள் கழுவிற கடை போடப்போறன் எண்டு அவன்தான் அந்தப் பிறஷர் வோஷரை வாங்கினவன். மூண்டு கிழமை கழுவினான். பேந்து முதுகு நோகுது எண்டு வவுனியாவிலை ஒரு கடைக்கு வேலைக்குப் போயிட்டான். மெசின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலை கிடந்தது. சேவல் அதுக்கு மேலை ஏறி நிண்டு கூவத் துடங்கின பிறகுதான் இவளுக்கு ரோசம் வந்தது.

அதோடை வந்த புத்தகம் சீன எழுத்து. அவள் படங்களைப் பாத்தே எல்லாம் படிச்சாள். எழுத்துத் தெரிஞ்சால்தான் விளங்கும் எண்டு நினைக்கிறவை உதைக் கொஞ்சம் கவனிக்கவேணும்.

பிறகு மெசினை ஸ்கூட்டியிலை கட்டிக்கொண்டு போய்த் தண்ணித் தொட்டி, சீமெந்து போட்ட வீட்டு முத்தம் எண்டு கழுவிக் குடுத்தாள். பெரிய வேலை எண்டால் மட்டும் ஒருதரும் கூப்பிட மாட்டினம். "பொம்பிளைப் பிள்ளை, பாப்பம்" எண்டுவினம். அந்தப் "பாப்பம்" ரெண்டு வருசமா நடந்தது.

இந்த முறை அம்மன் கோயில் கொடியேத்தத்துக்கு மதில் கழுவவேணும். கோயில் தலைவர் சோமசேகரத்தாரிட்டை ரெண்டு கிழமையா நடந்து கேட்டு அந்த வேலையை வாங்கினாள். அவர் போஸ்ட் மாஸ்டரா இருந்து பென்சன் எடுத்த மனிசன். ஒரு கடுதாசியை மூண்டு தரம் திருப்பிப் பாத்துத்தான் குடுப்பார்.

"நாளைக்கு விடிய காவியும் வெள்ளையும் அடிக்கிற ஆக்கள் வருகினம். மதில் இண்டைக்கே கழுவிக் காயவேணும். பத்து மணிக்குள்ளை ஒரு பக்கம் முடியாட்டில் தம்பிராசாவையும் நாலு பேரையும் இறக்கிப்போடுவன், பிள்ளை."

தம்பிராசாதான் வழமையா ஈர்க்குமாறாலை மதில் தேய்க்கிறவன். அவன் மாறையும் கொண்டு ஏழு மணிக்கே வந்து வேப்பமரத்துக்குக் கீழை நிண்டான். இவள் அங்கை தவறினால் பிறகு ஊரிலை ஒருதரும் கூப்பிட மாட்டினம், அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதாலைதான் நான் சந்தனக் கிண்ணத்தோடை போனனான். கோயிலிலை முதல் வேலை, மெசினுக்குப் பொட்டு வையாமல் துடங்கலாமோ? அவள் வயர் இழுக்கப் போன நேரம் உடம்பிலை மூண்டு, கைபிடியிலை ஒண்டு, தண்ணி பீச்சுற வாயிலை ஒண்டு எண்டு வடிவா வைச்சன். ஆனால் சுவிச்சுப் போடக் கரண்ட் இல்லை. ஒரு மணித்தியாலம் வெய்யிலுக்கை காத்திருந்தம்.

கரண்ட் வந்து அவள் விசையை அமத்தினாள். மோட்டார் பெரிய சத்தம். தண்ணி மட்டும் பச்சைப்பிள்ளை மூத்திரம் பெய்த மாதிரி அவளின்ரை காலிலையே விழுந்தது.

"மதிலுக்குத் தாகம் எடுக்குது, பிள்ளை," எண்டான் தம்பிராசா.

"அண்ணை, உங்கடை சைக்கிளை எடுங்கோ."

"என்ரை சைக்கிள் உன்னை என்ன செய்தது?"

"பைப்புக்கு மேலை ஸ்டாண்ட் போட்டு விட்டிருக்கிறியள்."

எடுத்தான். தண்ணி ஒரு சாண் கூடப் பாய்ஞ்சது, அவ்வளவுதான். சோமசேகரத்தார் மணிக்கூட்டைப் பாத்தார். "மெசின் பழசாப் போச்சோ?"

"நான் பாத்துச் சொல்லுறன், ஐயா."

மோட்டாரை நிப்பாட்டினாள். குழாய்த் தண்ணியை வாளியிலை பிடிச்சுப் பாத்தாள். கெதியா நிரம்பினது, வாற தண்ணியிலை பிழையில்லை. தண்ணி உள்ளை போற இடத்து வலையைக் கழட்டினாள். நாலு மண்மணி, கழுவிப் பூட்டினாள். காத்து அடைச்சிருக்கும் எண்டு மோட்டார் போடாமல் விசையை அமத்திப் பிடிச்சு, குமிழி நிக்குமட்டும் தண்ணியை ஓடவிட்டாள். பிறகு மோட்டாரைப் போட்டாள். அதே மூத்திரம்.

"ஒம்பதரை," எண்டார் சோமசேகரத்தார். கேக்காமலே சொன்னார்.

அவள் வாயைக் கழட்டிப்போட்டு வெறுங்குழாயாலை அடிச்சாள். தண்ணி தடிப்பா வந்தது. "பம்ப் நல்லாயிருக்கு. வாய்தான் அடைச்சிருக்கு," எண்டு அந்தச் சின்னப் பித்தளைத் துண்டை வெய்யிலுக்கு நேரை பிடிச்சாள். வெளிச்சம் தெரியேல்லை. மூக்கிலை வைச்சு மணந்தாள். பிறகு என்னைப் பாத்தாள்.

"ஆச்சி, வாயிலையும் பொட்டு வைச்சனீங்களோ?"

"வைச்சனான். எல்லாத்துக்கும் வைச்சிட்டு அதுக்கு மட்டும் வையாமல் விட்டால் குறையெல்லே?"

"காய்ஞ்சு கல்லாக் கிடக்கு."

"அவ்வளவு சின்ன ஓட்டை வைச்சவனிலை பிழை," எண்டன். இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவன். ஆனாலும் சட்டைப்பின்னைக் கழட்டி நீட்டினன். அவள் வாங்கேல்லை.

"இரும்பாலை குத்தினால் ஓட்டை பெருக்கும், ஆச்சி. பிறகு தண்ணிக்கு வேகம் இராது." எங்கள் எல்லாரையும் சுத்திப் பாத்திட்டு தம்பிராசாவிட்டைப் போனாள். "அண்ணை, ஒரு ஈர்க்கு தாங்கோ. நுனி மெல்லிசா."

தம்பிராசா மாறைப் பின்னாலை மறைச்சான். "என்ரை வேலையைக் கெடுக்க என்ரை மாறிலையே ஈர்க்குக் கேக்கிறாய், என்ன?"

"ஓம்."

அவனுக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஒண்டை உருவி, நுனியைப் பல்லாலை சீவியும் குடுத்தான். நான் மடைப்பள்ளியிலை சுடுதண்ணி வாங்கிவந்தன். ஊறவைச்சு, ஈர்க்காலை துளாவி, பின்பக்கத்தாலை தண்ணி அடிக்கச் சந்தனம் புழு மாதிரி வெளியாலை விழுந்தது.

வாயைப் பூட்டி விசையை அமத்தினாள். மதிலிலை கறுப்புப் பாசி தோல் உரிஞ்ச மாதிரிக் கழண்டு விழுந்தது. சோமசேகரத்தாரின்ரை வேட்டியிலையும் விழுந்தது, அவர் விலகேல்லை. பத்துக்கு ஒரு பக்கம் முடியேல்லை, பத்தே முக்காலுக்குத்தான் முடிஞ்சது. அவர் மணிக்கூட்டைச் சட்டைக் கைக்குள்ளை இழுத்து விட்டிட்டுச் சும்மா நிண்டார். நாலு பக்கமும் மூண்டு மணிக்கு முடிஞ்சுது. நனைஞ்ச கோழி மாதிரி நிண்டாள் பிள்ளை.

அவர் மதிலைச் சுத்தி மூண்டு தரம் நடந்தார், விரலாலை தேய்ச்சும் பாத்தார். "உள்வீதியும் கழுவவேணும். தேருக்கு முதல். ஏலுமோ, பிள்ளை?"

நானெண்டால் அந்த இடத்திலையே தலையாட்டியிருப்பன். அவள் பைப்பைச் சுத்தத் துடங்கினாள். ஒரு முறுக்கும் இல்லாமல், வட்டம் வட்டமா, அறுபது அடியையும் சுத்தி ஸ்கூட்டியிலை கட்டி முடிக்குமட்டும் அந்த மனிசன் வெய்யிலுக்கை நிண்டார்.

"பாப்பம், ஐயா," எண்டாள்.