கை கழுவி விட்ட கதை

பெருந்தொற்று வந்ததிலிருந்து கிளினிக் வாசல் குழாயடி, 'சோப்பு அக்கா'வின் ராஜ்ஜியம். அந்த நர்ஸிடம் கை கழுவிக் காட்டாமல் டாக்டரே உள்ளே போக முடியாது. அம்மா பார்த்த பையன்களையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழித்த மகராசியும் அவள்தான்.

அன்றைக்கு முகக்கவசத்துக்கு மேலே திருதிருவென்று முழித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். அம்மா புதிதாகப் பார்த்திருந்த பேக்கரிக்காரர்.

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு..." என்று இழுத்தார்.

"முதல்ல கையைக் கழுவுங்க."

கழுவினார். கட்டைவிரலை விட்டுவிட்டார். மறுபடி கழுவினார். நக இடுக்கை விட்டுவிட்டார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கையாலயா மாவு பிசையறீங்க?"

ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று ஊரையே விரட்டுகிறவள், கையுறையை மாட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்து விரல் விரலாகத் தேய்த்தாள். வரிசையில் நின்றவர்கள் இருமலை மறந்து சிரித்தார்கள். வெளியே தெரிந்த அவர் காது மட்டும் சிவந்துபோனது. அவளுக்கோ தலைகால் புரியவில்லை. கழுவின அவர் கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பையன் வந்தாரா? என்னடி பண்ணினே?"

"நல்லாக் கை கழுவி விட்டுட்டேம்மா!"

"அடிப்பாவி, இவரையுமா?" அம்மா ஓவென்று அழுதாள். "இன்னும் எத்தனை பேரைடி கை கழுவுவே?"

பேக்கரிக்காரர் போன் பக்கம் குனிந்தார்.

"அழாதீங்க அத்தை. கழுவிட்டாங்க, நிஜம்தான். ஆனா கையை இன்னும் விடலை!"