கார்புரேட்டருக்குப் பதினைந்து நிமிடம்

என் மனைவிக்கு நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. எழுபதுகளின் கடைசியில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. திடீரென்று மூச்சு முட்டும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். காரைக்காலில் ஓர் ஊசியைப் போட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்பார்கள். எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் புதுச்சேரி. போய்ச் சேர நாலு மணி நேரம். அந்த நாலைக் குறைத்துவிட்டால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். முட்டாப்பயல் நான்.

கார் பழசு. அவளுடைய பெரியப்பா பிரான்சுக்குக் குடிபோகும்போது சல்லிசாக எங்களுக்குத் தள்ளிவிட்டுப் போனது. திருமலைராயன்பட்டினத்தில் பட்டறை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வேகம் ஏத்தணும் பாய். எதுக்குக் காசு போடலாம், எது வீண், சொல்லுங்க."

"சைலன்சர மாத்துனா சத்தந்தான் சார் வரும். ரெட்டைக் கார்புரேட்டர் போட்டா இழுவை வரும். இஞ்சின் ஹெட்டைச் சீவுனா இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஆனா நம்ம ரோட்டுல எங்க சார் அழுத்துவீங்க? பிரேக்கையும் டயரையும் பாருங்க, அது போதும்."

சொன்னது காதில் ஏறினால்தானே! நான் அரசாங்க ஆபீஸ் கிளார்க். எதையும் தாளில் கோடு போட்டு எழுதினால்தான் எனக்குப் புத்தி ஓடும். கார்புரேட்டருக்குப் பதினைந்து நிமிடம், ஹெட்டுக்குப் பத்து, டயருக்கு ஐந்து என்று ஒவ்வொன்றும் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று எழுதினேன். சைலன்சரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வைத்தியம் எனக்கா, காருக்கா?"

"எல்லாம் உனக்காகத்தான்டி."

"அப்ப தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன். மூணு மணி நேரங்கூட ஆகாது. பாய்கிட்ட குடுக்குற காசும் மிச்சம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது வேற ஸ்டேட்டு. நம்ம கவர்மெண்ட் புதுச்சேரியில இருக்கு. உன் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் அங்கதான் இருக்கு. தஞ்சாவூர்ல போயி நாம யாருன்னு நிக்கிறது?"

தஞ்சாவூரில் யாரும் எங்களைத் துரத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் சம்பளம், லீவு, மாற்றல், மருந்துச் செலவு என்று எல்லாவற்றுக்கும் வடக்கே புதுச்சேரியைப் பார்த்தே பழகிப்போன ஆபீஸ் மண்டை. எங்கள் ஃபைல் எங்கே போகுமோ அங்கேதான் எங்கள் உயிரும் போகவேண்டும் என்று நினைத்திருக்கிறேன் போல. நெடுங்காட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. அந்தப் பக்கமும் டாக்டர்கள் இருப்பார்கள் என்று அந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

கார்புரேட்டர் வந்தது, ஹெட்டைச் சீவினோம், டயர் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மணி பார்க்கச் சொல்லி ஓட்டுவேன். ஒரு நாள் சீர்காழி தாண்டும்போது, "பத்து நிமிஷம் மிச்சங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பிலேயே மூச்சு இரைத்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

எண்பதுகள் பிறந்த பிறகு, ஓர் ஐப்பசி மாதம், பகல் பதினொரு மணிக்கு அவளுக்கு மூச்சு முட்டியது. ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினோம். வண்டியைக் குறை சொல்லவே முடியாது. கொள்ளிடம் பாலத்தில் மாட்டுவண்டிகள், சிதம்பரத்தில் மூடிக்கிடந்த ரயில்வே கேட், அத்தனையையும் மீறிப் பறந்தது. "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். கடலூர் தாண்டியபின் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு மெல்லக் கையைப் படுக்கையில் வைத்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"காரைக்கால்."

"தஞ்சாவூர் பக்கமாச்சே, ஏன் இவ்வளவு தூரம்? ஒரு முக்கால் மணி முந்தி எங்கயாவது காட்டியிருந்தாக்கூட..."

நான் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"மூணு மணி நேரம் அஞ்சு நிமிஷத்துல வந்துட்டேன் டாக்டர்" என்றேன்.