சூளை வண்டியின் ஆறாவது தட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். செராமிக் டிப்ளமோ படித்தவன் என்பதால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சூளை வண்டியை மாற்றி அமைத்தது அந்தத் தலைக்கனம்தான்.

சூளை வண்டி தண்டவாளத்தில் ஓடும். அதன்மேல் தட்டுத் தட்டாக அடுக்கி, பொம்மைகளை வைத்து, அப்படியே சூளைக்குள் தள்ளிவிடுவோம். ஐந்து தட்டு இருந்த இடத்தில் நான் ஆறாவதைச் சேர்த்தேன். அடியில் பதித்திருந்த கனமான செங்கற்கள் சூட்டைத் தின்கின்றன என்று அவற்றைப் பெயர்த்துவிட்டு, லேசான கற்களைப் பதித்தேன். சூளைக்கு எரிக்கிற கேஸ் மிச்சமானது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வண்டி தள்ளுகிற அக்கா மட்டும், "மேல ஆட்டம் குடுக்குது சார்" என்றார். பத்து வருடமாகத் தள்ளுகிறவர்.

"நம்மூரு தேரே ஆடித்தானே வருது, தள்ளுங்கக்கா" என்று சிரித்தேன்.

இரண்டே வாரம். தண்டவாளம் வளைகிற இடத்தில் வண்டி சாய்ந்தது. அக்கா மயிரிழையில் தப்பினார். பொம்மை ஒன்றுகூடத் தேறவில்லை. எங்கள் கம்பெனியில் எது உடைந்தாலும் நோட்டில் எழுத ஒரே வார்த்தைதான்: கைத்தவறு. யார் கை என்று பக்கத்தில் எழுதவேண்டும். அக்கா பெயரை எழுதினேன். எழுதும்போது கொஞ்சமும் தயங்கவில்லை என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. மறுநாளே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆறாவது தட்டை நானே சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். ஏன் எடுக்கிறோம் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நாலு மாதம் கழித்து, வேப்பூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வெளிநாட்டில் கவிழ்ந்த ஒரு பயணிகள் கப்பலைப் பற்றி செல்போனில் படித்தேன். மேல்தளத்தில் புதிதாக அறைகள் கட்டியிருக்கிறார்கள். சரக்கு அதிகம் ஏற்றுவதற்காக, அடித்தொட்டியில் கனத்துக்கு இருக்கவேண்டிய தண்ணீரைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு திருப்பத்தில் கப்பல் சாய்ந்தது, நிமிரவே இல்லை. நூற்றுக்கணக்கான பேர் செத்துப்போனார்கள். சுக்கான் பிடித்தவர் ஒடித்துத் திருப்பிவிட்டார் என்றுதான் முதலில் சொன்னார்களாம்.

இத்தனை உயிர் போன கப்பலோடு பொம்மை வண்டியைச் சேர்த்துப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் மேலே ஏற்றி அடியில் குறைத்த புத்தி இரண்டிலும் ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். கத்தித் தீர்த்தார், வாங்கிக்கொண்டேன். கடைசியில் அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சம்மதித்தார். நேரே அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே, "தப்பு வண்டியிலதாங்கக்கா. நான் மாத்துனதுல வந்தது. உங்க கையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பக்கத்து கம்பெனியில ரெண்டு தடவ வூட்டுக்கே வந்து கூப்புட்டாங்க சார்" என்றார். "எங் கை பட்டா அங்கயும் ஒடஞ்சிடும்னு நாந்தான் போவல."