பல்லைக் கேட்டு நின்றவள்

தாலியைக் கழற்றச் சொல்லி வந்த புருஷனின் அண்ணன் இராமலிங்கத்தை, புஷ்பவல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஆத்துல கெடந்தது என் தம்பிதான் புள்ள. கம்பெனிச் சட்டைய நானே பார்த்தேன்."

"அது எல்லா டிரைவருக்கும் குடுத்த சட்டை மாமா. சட்டையா எனக்குத் தாலி கட்டுச்சு?"

தொண்ணூற்று நாலில் நடந்தது இது. மலேசியாவின் கிள்ளானில் லோரி ஓட்டிய அவள் புருஷன் நாகையா காணாமல் போய், பிறகு ஆற்றோரச் சேற்றில் ஓர் உடம்பு கிடைத்தது. முகம் என்று எதுவும் இல்லை. உடனே எரிக்கணும், நாறுது என்றார்கள் சொந்தக்காரர்கள். புஷ்பவல்லி இறால் உரிக்கிறவள், நாற்றத்துக்கு அஞ்சுவாளா? பிணத்தின் சதையையும் மகள் சந்திரகலாவின் ரத்தத்தையும் கோலாலம்பூரில் டி.என்.ஏ. சோதிக்கும் லெப்புக்கு அனுப்பினால்தான் ஆச்சு என்று நின்றாள்.

அங்கிருந்து பதில் வந்தது: யாரென்று சொல்ல முடியாது.

"லெப்பே கைய விரிச்சிருச்சு லா. இனி என்ன?" என்றார் இராமலிங்கம்.

"முடியாதுன்னா, செத்தது அவருதான்னு அர்த்தமா?"

பஸ் ஏறினாள். லெப்பில் டாக்டர் கனகலிங்கம், பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தார், விரட்டாமல் உட்காரவைத்துச் சொன்னார்.

"அளந்து பார்த்தா டி.என்.ஏ. நிறைய இருக்கெண்டுதான் காட்டினது, தங்கச்சி. ஆனா பெரும்பங்கு உடம்பைத் தின்ற கிருமியளோடது. அவரோடது அழுகிப் பொடிப்பொடியாப் போச்சு. அதை வச்சு மகளோட ஒப்பிட ஏலாது."

"அழுகாதது ஒண்ணுமே இல்லியா?"

"பல்லுக்குள்ள கொஞ்சம் தப்பியிருக்கும். ஆனா போலீஸ் கேட்கவேணும்."

"கேப்பாங்க."

ஸ்டேஷனில் சார்ஜன் சலித்துக்கொண்டான். "இன்னும் எவ்வளவு நாள் அந்தப் பிணத்த வச்சிருக்கச் சொல்ற ஆன்டி?"

"உங்க வீட்டு ஆளா இருந்தா சட்டையப் பார்த்தே எரிச்சிருவீங்களா துவான்?" மலாயில், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். சார்ஜன் பேனாவை எடுத்து, பல்லைச் சோதிக்கச் சொல்லி லெப்புக்கு எழுதினான்.

பல்லில் கிடைத்த டி.என்.ஏ. மகளுடையதோடு பொருந்தியது. நாகையாதான்.

புஷ்பவல்லி தாலி வாங்க வந்த பெண்களைக் கிட்டே விடாமல் தன் கையாலேயே கழற்றினாள்.

சுடுகாட்டில் இராமலிங்கம், "அன்னிக்கே சொன்னேன். சரி, என் மகன் கொள்ளி வைக்கட்டும்" என்றார்.

"நில்லுங்க மாமா. அப்பாவ அடையாளம் காட்டுனது என் மக ரத்தம். கொள்ளியும் அவதான் வைப்பா."

"பொம்பளப் புள்ளயா?"

"ஒப்பாதவங்க வீட்டுக்குப் போலாம்."

ஒருத்தரும் நகரவில்லை. சந்திரகலா கொள்ளியை வாங்கினாள்.