ஏரிக்கரையில் மீன் குஞ்சு விட்ட வைபவம்

ஏரியை எட்டிக்கூடப் பார்க்காமல் ஏரி மீனுக்கு விதி எழுதுகிற ஆபீஸ் ஒன்றில், எண்பதுகளில் நான் குமாஸ்தா. தாம்பரத்தில் ஒரு மாடியில் இரண்டு அறைகள். எங்கள் அதிகாரிக்கு மீன் வாசனையே ஆகாது. மேஜைமேல் எப்போதும் ஊதுவத்தி எரியும். குரோம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து மீன்வளத்தை உய்விக்கிற மகானுபாவர் அவர்.

திருநீர்மலைப் பக்கம் ஓர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை ஒரு சின்ன மீனவர் சங்கத்திடம் இருந்தது. சங்கம் என்றால் ஏழெட்டுக் குடும்பங்கள். தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும். வலை இழுத்து இழுத்து ஒரு தோள் இறங்கியிருக்கும். ஆபீஸ் குஞ்சு விடும், சங்கம் வளர்த்துப் பிடிக்கும், பிடிப்பு குறைந்தால் மறு வருஷம் ஏரி கிடையாது. இதுதான் விதி. எழுதிய புண்ணியவான் மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் குஞ்சு விடுவதை விழாவாக்கினார்கள். கரையில் பந்தல், மைக், நாற்காலிகள். காற்றடைத்த பாலிதீன் பைகளில் குஞ்சுகள் காலை எட்டு மணிக்கே வந்து சேர்ந்தன. தலைமை விருந்தினர் வந்தது பன்னிரண்டரைக்கு. அதுவரை நாங்கள் பந்தல் நிழலில் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தோம். பைகள் வெயிலில் கிடந்தன.

விருந்தினர் முதல் பையைத் தூக்கியதும் சங்கத் தலைவர் குறுக்கே ஓடி வந்தார்.

"கொட்டாதீங்க சார்! பை சுட்டுகினு கீது. கொஞ்ச நேரம் பையோட தண்ணில மெதக்க வுட்டு அப்பறம்தான் தொறக்கணும். இல்லாங்காட்டி அத்தினியும் செத்துப்பூடும்."

"போட்டோகிராபர் வெயிட் பண்றார்ப்பா. ஓரமா நில்லு" என்றார் எங்கள் அதிகாரி.

பைகளைக் கவிழ்த்தார்கள். எல்லாரும் கை தட்டினோம்.

மறுநாள் காலையில் சங்கத் தலைவர் ஆபீஸ் படியேறி வந்தார். கையிலிருந்த தூக்குவாளி நிறையச் செத்த குஞ்சுகள். அதை என் மேஜைமேல்தான் வைத்தார்.

"கரை ஓரம் பூரா ஒதுங்கிக் கீது சார். வேற குஞ்சு குடுங்க. இல்ல, செத்துப்போச்சுன்னாவது எழுதிக் குடுங்க. ஏரி பூட்சுன்னா நாங்க இன்னா பண்றது?"

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். "விட்டது விட்டதுதான். ஃபைல்ல ஏறிடுச்சு. செத்ததை எழுத ஃபாரம்ல இடமே இல்ல" என்றார்.

அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் படிவத்தில் 'விடப்பட்டவை' என்று ஒரு கட்டம், 'பிடிக்கப்பட்டவை' என்று ஒரு கட்டம். நடுவே ஒன்றுமில்லை. மீன் சாகும் என்பதே எங்கள் ஆபீஸுக்குத் தெரியாது.

வருஷக் கடைசியில் இரண்டாவது கட்டம் இளைத்திருந்தது. 'சங்கத்தின் காவல் குறைவால் மீன்கள் களவு போயின. எனவே உரிமை ரத்து' என்று அதிகாரி சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அந்த ஆபீஸை இவ்வளவு கேவலமாகப் பேசுகிற நான், அன்று வாயைத் திறக்கவில்லை. ஏரி பம்மல் காண்டிராக்டர் ஒருவருக்குப் போனது.

உத்தரவை வாங்கிக்கொள்ளச் சங்கத் தலைவர் வந்தார். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். என் மேஜையைக் காட்டிக் கேட்டார்.

"அந்தத் தூக்க நீங்ககூடத்தான சார் பாத்தீங்க?"

நான் தபால் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன்.